தீர்க்கதரிசியும் பிரவக்தாவும்: சித்தூர் வட்டாரக் கிறித்தவத்தில் இறைவெளிப்பாட்டுக் கருத்தின் வரலாறு

சித்தூர் வட்டாரம் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் நிலப்பகுதியாகும். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தனி மாவட்டம் அமையும்வரை சித்தூர் நகரமே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றிய பின்னரும், 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பின்னரும், எல்லைக் கோட்டின் இருபுறத்தும் இருமொழி வழக்கு அற்றுப்போகவில்லை. இவ்வட்டாரக் கிறித்தவர்களின் மறைநூல் வாசிப்பிலும் இவ்விருமை காணப்படுகிறது. எசாயா, எரேமியா முதலியோரைத் தமிழில் வாசிப்போர் நெடுங்காலமாகத் 'தீர்க்கதரிசி' என்று அழைத்து வந்துள்ளனர். தெலுங்கில் வாசிப்போர் 'பிரவக்த' என்று அழைக்கின்றனர். முன்னது தொலைவில் உள்ளதைக் காண்பவன் எனப் பொருள்படும். பின்னது எடுத்துரைப்பவன் எனப் பொருள்படும். இரண்டும் வடசொற்களே. ஆயினும் ஒன்று கண்ணின் தொழிலைச் சுட்ட, மற்றொன்று வாயின் தொழிலைச் சுட்டுகிறது. இறைவன் மனிதர் வழியாகத் தன்னை வெளிப்படுத்தும் முறை யாது என்னும் வினாவுக்கு இவ்விரு சொற்களும் இரு வேறு விடைகளைத் தருகின்றன. இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிட்டதா, மக்கள் வாழ்விலும் விளைவுகளை உண்டாக்கியதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சொல்லும் பொருளும்

எபிரேய மொழியில் இறைவாக்கு உரைப்போனைக் குறிக்கும் பெருவழக்கான சொல் 'நாபி' என்பதாகும். அழைக்கப்பட்டவன் அல்லது அழைத்து அறிவிப்பவன் என்று இதற்குப் பொருள் கூறுவர். இச்சொல்லின் இயல்பை விளக்க அகராதியினும் சிறந்த சான்று விடுதலைப் பயண நூலில் உள்ளது. திக்குவாயுள்ள மோசேக்கு அவன் அண்ணன் ஆரோன் வாயாக இருப்பான் என்றும், பார்வோன் முன்னிலையில் அவன் மோசேயின் 'நாபி'யாக விளங்குவான் என்றும் அந்நூல் கூறுகிறது. ஆகவே பிறிதொருவரின் சொல்லைத் தன் வாயால் உரைப்பவனே நாபி. 'காண்பவன்' எனப் பொருள்படும் 'ரோயே' என்னும் சொல்லும் எபிரேயத்தில் உண்டு. ஆனால் அது பழைய வழக்கு என்றும், தம் காலத்தில் நாபி என்பதே வழக்கு என்றும் சாமுவேல் நூலின் ஆசிரியர் தாமே குறித்துள்ளார். எபிரேயர் பழையதெனக் கழித்த பொருளே தமிழில் தீர்க்கதரிசி என்னும் சொல்லாகத் தலைமை பெற்றது வியப்புக்குரியது.

எதிர்காலம் உரைத்தல் இறைவாக்கினரின் பணியில் ஒரு கூறே. மந்தை மேய்த்த ஆமோசு ஏழையரை விற்ற வணிகரைக் கடிந்தார். எரேமியா மண்கலத்தை உடைத்தும் நுகத்தைக் கழுத்திற் பூட்டியும் அரசரை எச்சரித்தார். யோனா நாற்பது நாளில் நினிவே அழியும் என்றார், நகரத்தார் மனம் மாறினர், நகரம் அழியவில்லை. முன்னறிவிப்பு என்ற அளவில் யோனாவின் வாக்குப் பொய்த்தது. எச்சரிக்கை என்ற அளவில் முழுப் பயன் தந்தது. தீர்க்கதரிசி என்னும் சொல்லால் இந்நூலை விளக்குவது கடினம்.

இறைவன் ஏவ, மனிதன் உரைக்கிறான் என்றால் மனிதனின் பங்கு யாது? இரண்டாம் நூற்றாண்டில் பிரிகியா நாட்டில் தோன்றிய மொந்தானு என்பவரும், அவருடன் இருந்த பிரிசில்லா, மக்சிமில்லா என்னும் பெண்டிரும், மனிதன் மீட்டப்படும் யாழைப் போன்றவன் என்னும் கருத்தினராய்த் தம்மை மறந்த நிலையில் வாக்குரைத்தனர். திருச்சபை அவ்வியக்கத்தை ஏற்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமசு அக்குவினா, காட்சி பெறுதல் மட்டும் இறைவாக்கு ஆகாது, அக்காட்சியைத் தேர்ந்து தீர்க்கும் அறிவொளியே அதன் உயிர் என வாதிட்டார். 1965 நவம்பரில் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கம், மறைநூலை எழுதியோர் தம் ஆற்றல்களை எல்லாம் பயன்படுத்திய உண்மையான ஆசிரியர்களே என்று கூறுகிறது. எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய ஏட்டை அரசன் யோயாக்கிம் கத்தியால் அறுத்து நெருப்பிலிட்டான் என்றும், அவ்வேடு மீண்டும் எழுதப்பட்டபோது முன்னில்லாத பலவும் சேர்க்கப்பட்டன என்றும் விவிலியமே கூறுவதால், வாக்கு என்பது எழுத்துப் பிசகாத சுவடி என்னும் எண்ணம் பண்டை யூதரிடமும் இல்லை எனலாம்.

'ஊக்கம்' அல்லது 'ஏவுதல்' பற்றிய கிரேக்கச் சொற்களும் நோக்கத்தக்கன. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம் மறைநூலைக் 'கடவுளின் மூச்சுப் பெற்றது' என்னும் பொருளுடைய சொல்லால் குறிக்கிறது. பேதுருவின் இரண்டாம் திருமுகம் இறைவாக்கினர் தூய ஆவியால் 'கொண்டு செல்லப்பட்டனர்' என்கிறது. திருத்தூதர் பணிகள் நூலில் புயற்காற்றால் அடித்துச் செல்லப்படும் கப்பலுக்கு ஆளப்படும் வினையும் இதுவே. 1871இல் ஹென்றி பவர் தலைமையில் நிறைவேறிய தமிழ்த் திருத்த மொழிபெயர்ப்பு முன்னதை 'அருளப்பட்டது' என்றும் பின்னதை 'ஏவப்பட்டு' என்றும் பெயர்த்தது. தெலுங்கு விவிலியமோ முன்னதைத் 'தைவாவேசம்' என்னும் தொடரால் பெயர்த்தது. தமிழில் ஆவேசம் என்பது சாமியாட்டத்தையும் கட்டுமீறிய சினத்தையும் குறிக்கும் சொல். மறைநூலுக்கு அதனை அடையாக்கத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் துணிந்திருக்க மாட்டார். தெலுங்கில் சாமியாட்டத்துக்குப் 'பூனகம்' என்னும் தனிச்சொல் இருந்தமையால் ஆவேசம் அங்குச் சற்று உயர்ந்த நிலையில் நின்றது போலும். 'ஏவல்' என்னும் தமிழ்ச்சொல்லுக்கும் பில்லி சூனியத்தோடு உறவுண்டு என்பதை இங்கு மறத்தலாகாது. எச்சொல்லை எடுத்தாலும் ஊர்த்தெய்வத்தின் நிழல் அதில் விழுந்தது. திருப்பதியில் கங்கம்மை திருவிழாவின்போது வேடமிட்டுத் தெருவலம் வரும் மக்களைக் கண்டு பழகிய ஊரில், இறைவாக்கினரின் பரவசம் வேறு, சாமியாடியின் பரவசம் வேறு என்று சொல்ல வேண்டிய தேவை போதகர்களுக்கு இருந்தது.

வேதம் என்னும் பெயர்

இவ்வட்டாரத்துக்குக் கிறித்தவம் முதலில் வந்தபோது 'இறைவாக்கினர்' பின்னணியில் நிற்க, 'வேதம்' முன்னணியில் நின்றது. பதினாறாம் நூற்றாண்டில் அந்திரிக்கு அந்திரிக்கர் அச்சிட்ட நூல்களில் போர்த்துகீசியச் சொற்கள் மிகுந்திருந்தன. தூய ஆவியை 'இஸ்பிரீத்து சாந்து' என்னும் வழக்கு கத்தோலிக்கரிடையே நெடுநாள் நீடித்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அவ்வழக்கை விடுத்து, மக்கள் மதித்த சொற்களைக் கையாண்டு, தம் சமயத்தைச் சத்திய வேதம் என்றார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயேசு சபையார் புதுச்சேரியிலிருந்து தொடங்கிய கருநாடக மறைப்பணியும் இம்முறையையே பின்பற்றியது. துறவியர் உடையணிந்த அவர்களுக்குச் சித்தூருக்கு மேற்கேயுள்ள புங்கனூர் ஒரு முதன்மைத் தளமாயிற்று.

வேதம் என்ற பெயர் மதிப்பைத் தந்தது. கூடவே ஒரு சிக்கலையும் தந்தது. மீமாஞ்சை நெறியின்படி வேதம் எவராலும் இயற்றப்படாதது, காலத்துக்கு உட்படாதது, முனிவர் அதனைக் கண்டவர் மட்டுமே. விவிலியமோ ஒவ்வொரு வாக்கினரையும் நாளும் ஊரும் அரசனும் சுட்டி அறிமுகப்படுத்துகிறது. எசாயாவுக்குக் காட்சி கிட்டியது உசியா அரசன் இறந்த ஆண்டில். எரேமியாவுக்கு அழைப்பு வந்தது யோசியாவின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டில். ஆளும் நாளும் உடைய வெளிப்பாட்டை ஆளும் நாளும் இல்லாத பெயரால் வழங்கியபோது, வாக்கினர் என்னும் மனிதர் மறைந்து நூல் மட்டும் எஞ்சியது.

கருநாடக மறைப்பணியைச் சேர்ந்த ழான் கல்மெத்து 1730களில் வேதச் சுவடிகளைத் தேடிப் பெற்றுப் பாரிசில் இருந்த அரச நூலகத்துக்கு அனுப்பினார். இச்சூழலை ஒட்டிப் பிறந்ததே 'எசூர்வேதம்' என்னும் பிரெஞ்சு நூல். தொன்மையான வேதத்தின் மொழிபெயர்ப்பென நம்பி வோல்த்தேர் 1761இல் இதனை அந்நூலகத்துக்கு அளித்தார். 1778இல் அது அச்சேறியது. புதுச்சேரியில் இருந்த கையெழுத்துப் படிகளை ஆராய்ந்த எல்லிசு, அது மறைப்பணியாளர் வட்டத்திலிருந்து வந்த நூல் என்று காட்டிய கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 1822இல் வெளியாயிற்று. எழுதியவர் இன்னார் என்பதில் அறிஞர் இன்றும் ஒத்த கருத்தினர் அல்லர். ஏமாற்றும் நோக்கமின்றி விவாதத்துக்கென எழுதப்பட்டிருக்கவும் கூடும். ஆனால் ஆசிரியர் பெயரற்ற நூலுக்கு இறைவெளிப்பாட்டின் மதிப்பு எளிதில் கிட்டிவிடும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

திருமலையின் சான்று

மொழிபெயர்ப்பாளர் தேடிய கருத்துக்குரிய சொற்கள் திருமலையின் அடிவாரத்திலேயே இருந்தன. நம்மாழ்வாரின் நூல் திருவாய்மொழி எனப் பெயர்பெற்றது. ஆழ்வார் பாசுரங்கள் அனைத்தும் அருளிச்செயல் எனப்பட்டன. திருவாய்மொழியின் ஏழாம் பத்தில் ஒன்பதாம் பதிகம், தன்னைப் பற்றிய பாடலை இறைவன் ஆழ்வாரைக் கொண்டு தானே பாடிக்கொண்டான் என்னும் கருத்தை விரிக்கிறது. ஆரோன் மோசேயின் வாயானான் என்னும் எபிரேயக் கருத்துக்கு இதனினும் நெருங்கிய தமிழ் வழக்கு வேறில்லை. தாள்ளபாக்க அன்னமாசாரியர் பற்றிய செப்பேடு இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. குரோதி ஆண்டில், அதாவது 1424இல், பதினாறு வயதில் அவர் வேங்கடவனின் காட்சி பெற்றுப் பாடத் தொடங்கினார் என்று அது பதிவு செய்கிறது. வெளிப்பாட்டுக்கு ஆண்டு குறிக்கும் இம்முறை எரேமியா நூலின் முகப்பை நினைவூட்டுவது.

இவ்வொப்புமையைக் கொண்டு இரு சமயங்களும் ஒன்றே கூறின என முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆழ்வாரின் பாட்டு இறைவனை நுகரும் அன்பின் பெருக்கு. எபிரேய வாக்கினரின் உரையோ பெரும்பாலும் அரசனையும் மக்களையும் நோக்கிய வழக்குரை. ஆயினும் வாய்மொழி, வாக்கு என்னும் சொற்களை விடுத்துத் தீர்க்கதரிசனத்தைத் தேர்ந்தமை ஒரு நல்வாய்ப்பை நழுவவிட்டதே ஆகும்.

சித்தூர்ப் பண்ணை

நூலில் அடைபட்டிருந்த வாக்கு மீண்டும் மனிதரைத் தேடிய வரலாறு சித்தூரில் தொடங்குகிறது. அந்தோனி நாரிசு குரோவ்சு (1795–1853) பல் மருத்துவத் தொழிலைத் துறந்து 1829இல் பாக்தாதுக்குச் சென்றவர்; கொள்ளை நோயில் மனைவியை இழந்தவர்; 1833இல் இந்தியா வந்தவர். எந்தச் சங்கத்தின் ஊதியமும் பெறாமல், திருநிலைப்பாடு இன்றியே எந்தக் கிறித்தவனும் போதிக்கலாம், திருவிருந்து நடத்தலாம் என்பது அவர் கொள்கை. 1837 முதல் சித்தூரில் நிலைகொண்டு, பண்ணையும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் நடத்தி அவ்வருவாயால் பணிபுரிய முயன்றார். தொழில் இழப்பில் முடிந்து அவரைக் கடனாளி ஆக்கியது. அப்பண்ணையின் பயன் பட்டில் விளையவில்லை. ஒரு தமிழரிடம் விளைந்தது.

அவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867). திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பாளையங்கோட்டையில் இரேனியசிடம் பயின்றவர். இரேனியசும் திருநிலைப்பாட்டு உரிமை பற்றிய பிணக்கால் 1835இல் தம் சங்கத்தினின்று நீக்கப்பட்டவரே. குரோவ்சின் உதவியாளராய் நாடெங்கும் உடன் சென்ற அருளப்பன், சித்தூர்க் குழுவில் வாழ்ந்து, 1840இல் அதனின்று புறப்பட்டு மதுரை வட்டாரத்தில் தனித்து ஊழியம் தொடங்கினார். ஊதியம் வேண்டா என்று அவர் உறுதி கொண்டிருந்தார். திருநிலைப்பாடு பெறாத இந்தியர் திருவிருந்தை நடத்தியது அக்காலத்தில் பெரும் சலசலப்பை உண்டாக்கியது என்பதைச் சித்தூரிலிருந்து குரோவ்சு எழுதிய மடலால் அறிகிறோம். 1842 அளவில் திருவில்லிபுத்தூரை அடுத்த பகுதியில் அருளப்பன் கிறிஸ்தியான்பேட்டை என்னும் சிற்றூரை நிறுவினார்.

சித்தூரில் நிகழ்ந்தது மேற்பார்வைக்குச் சிறிய மாற்றம். திருவிருந்தை யார் நடத்தலாம் என்பதே வினா. ஆனால் அவ்வாயில் திறந்தபின், இறைவன் யார் வழியாகப் பேசலாம் என்னும் வினாவும் உடன் நுழைந்தது.

1860

1860ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டையில் பரவசம் தோன்றியதாக அருளப்பனின் நாட்குறிப்பு கூறுகிறது. சிலர் வாக்குரைத்தனர், பிறர் குற்றங்களை வெளிப்படையாகக் கடிந்தனர், மார்பில் அறைந்து அழுதனர், நடுங்கி விழுந்தனர். காட்சி கண்டவரும் அறியாத மொழி பேசியவரும் அதற்குப் பொருள் உரைத்தவரும் இருந்தனர். ஆகஸ்டுக்குள் இயக்கம் சுற்றூர்களுக்குப் பரவிற்று. பெண்களும் சிறுவரும் வாக்குரைத்தது குறிப்பிடத்தக்கது. முதியோர் கனவும் இளையோர் காட்சியும் காண்பர், புதல்வரும் புதல்வியரும் இறைவாக்குரைப்பர் என்னும் யோவேலின் அறிவிப்பை அருளப்பன் தம் கண்முன் நிறைவேறியதாகக் கொண்டார்.

வெள்ளையர் மறைப்பணியாளரிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. ஆங்கிலத் திருச்சபைச் சங்கத்தைச் சேர்ந்த ஆஷ்டன் டிப்பு, மிகைகளைக் கண்டபோதும், அயலார் தூண்டுதலின்றி இம்மண்ணிலேயே முளைத்த இயக்கம் என்று இதனை மதித்து அவ்வாண்டே எழுதினார். வேறு பலருக்கு உடல் நடுக்கம் பேயாட்டத்தை நினைவூட்டியது. பேயாட்டத்தை விட்டு வந்த மக்களிடையே அது புதுப்பெயரில் திரும்பி வந்ததோ என்ற ஐயம் அவர்களுக்கு இருந்தது. அவ்வையத்தை முற்றும் புறக்கணிக்க இயலாது. எனினும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் இதற்குரிய அளவுகோலை ஏற்கெனவே வகுத்திருந்தது: இருவர் அல்லது மூவர் வாக்குரைக்கட்டும், மற்றவர் ஆய்ந்து தீர்க்கட்டும் என்பது அதன் கருத்து. ஆய்வது சபையின் கடமை; ஆய்வோர் குருமார் மட்டுமே எனப் பவுல் வரையறுக்கவில்லை. யோசியாவின் காலத்தில் ஆலயத்தில் கிடைத்த சட்டச் சுவடி மெய்யா என அறிய அரசனின் அலுவலர் நாடிச் சென்றது உல்தா என்னும் பெண்ணிடம். இவ்வகையில் நோக்கினால் கிறிஸ்தியான்பேட்டைப் பெண்டிர் வாக்குரைத்தது புதுமை அன்று. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் பதிவாகாமல் போனதே இவ்வரலாற்றின் குறை. அருளப்பனின் நாட்குறிப்புகளை 1939இல் ஆங்கில நூலாக வெளியிட்ட ஜி.எச். லாங்கும் அருளப்பனை நடுவில் வைத்தே எழுதினார்.

இங்குத் தீர்க்கதரிசனம் என்பது பெரும்பாலும் கடிந்துரைத்தலாகவும் பாவ அறிக்கைக்கு அழைப்பதாகவும் இருந்தது. சொல் காண்பதைக் குறித்தாலும் செயல் நாபியின் செயலாகவே நின்றது. இந்நிலை நீடிக்கவில்லை.

ஆறு ஆண்டுகள்

அருளப்பனின் இயக்கத்தோடு தொடர்புடைய தமிழ்ப் போதகர் வழியாக எழுச்சி மலை கடந்து திருவிதாங்கூருக்குச் சென்றது. 1873இல் அங்கே அதன் தலைவராக விளங்கியவர் யுஸ்துஸ் யோசேப்பு. 1835இல் தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்தில் இராமையன் என்னும் பெயரோடு பிறந்து, 1861இல் குடும்பத்தோடு கிறித்தவராகி, ஆங்கிலத் திருச்சபைக் குருவான அவரை மக்கள் வித்துவான்குட்டி என்றனர். இசையிலும் பாட்டிலும் வல்லவர். 1875இல் அவரைச் சார்ந்த ஒருவர், கிறித்துவின் இரண்டாம் வருகை ஆறாண்டுக்குள் நிகழும் எனத் தமக்கு வெளிப்பாடு கிடைத்ததாக உரைத்தார். யுஸ்துஸ் யோசேப்பு அதனை ஏற்றார். சபையினின்று பிரிவு நேர்ந்தது. ஆறு ஆண்டுக்காரர் என்றும் ஐந்தரை வேதக்காரர் என்றும் அயலார் அவர்களை அழைத்தனர். வெளிப்பாடு என்றவுடன் வேதத்தை எண்ணும் வழக்கம் இங்கும் தலைகாட்டுகிறது.

1881 வந்து சென்றது. கிறித்து ஆவி வடிவில் வந்துவிட்டார் என யுஸ்துஸ் யோசேப்பு விளக்கம் தந்தார். யுயோமய சபை என்னும் தனிக்குழு எஞ்சியது. 1887இல் அவர் மறைந்தார். உற்றாரையும் சபையையும் விட்டு நாளை எண்ணிக் காத்திருந்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பார்த்தால், இது வெறும் கொள்கைப் பிழையன்று என்பது விளங்கும்.

எரேமியா நூலில் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. பாபிலோனிய நுகம் இரண்டாண்டில் முறியும் என்று அனனியா நாள் குறித்து வாக்குரைத்தார். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி ஒடித்தும் காட்டினார். எரேமியா அவரை உடனே மறுக்கவில்லை. அவ்வாறே ஆகட்டும் என்று கூறிவிட்டுப் போனார். பின்னரே வேறு வாக்குப் பெற்றுத் திரும்பினார். நாள் குறித்தவர் உறுதியோடு பேச, உண்மை வாக்கினர் தயங்கி நின்றார் என்பது இங்குக் கருதத்தக்கது. கிறிஸ்தியான்பேட்டையில் சபை முழுவதும் கூடி ஆய்ந்த வாக்கு, திருவிதாங்கூரில் ஒரு தலைவரின் ஒப்புதலோடு முடிந்த வாக்காயிற்று. தீர்க்கதரிசி என்றால் வருவதை முன்னறிபவன் என்ற பொருள் மக்கள் மனத்தில் ஊன்றியிருந்தமையும் இதற்குத் துணை செய்திருத்தல் கூடும். மலையாளக் கிறித்தவரின் பழைய வழக்கிலும் தீர்க்கதர்சி என்னும் சொல் இருந்ததை இங்கு இணைத்துக் காணலாம்.

இதே ஆண்டுகளில் சித்தூர் வட்டாரம் வேறு திசையில் சென்றது. 1853இல் அமைந்த அமெரிக்க ஆர்க்காடு மிஷன் சித்தூரைத் தன் முதன்மை இடங்களுள் ஒன்றாக்கியது. அதன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் கடைத்தெருவில் நின்று பேசும் போதகர்க்கென 1860களில் தமிழில் ஒரு கையேடு இயற்றினார். மதனப்பள்ளியில் பணிபுரிந்த யாக்கோபு சேம்பர்லின் 1873 முதல் தெலுங்கு விவிலியத் திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1865இல் தெலுங்கு நாட்டின் தென்பகுதியில் பணி தொடங்கிய ஹெர்மன்ஸ்பர்க்கு லுத்தரன் மிஷனின் வழியில் வந்த தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டது. இவை அனைத்தும் பள்ளி, மருத்துவமனை, அச்சுநூல் ஆகியவற்றை நம்பிய அமைப்புகள். வாக்கு அங்கே மீண்டும் நூலுக்குள் அமைந்தது.

தமிழில் சொல் மாற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் தீர்க்கதரிசியை நீக்கி 'இறைவாக்கினர்' என்றும், ஏவுதலை நீக்கித் 'தூண்டுதல்' என்றும், வெளிப்படுத்தின விசேஷத்தைத் 'திருவெளிப்பாடு' என்றும் அமைத்தது. கத்தோலிக்கர் அதனை வழிபாட்டில் ஏற்றனர். சீர்திருத்தச் சபையாருள் பெரும்பாலோரும் பெந்தெகொஸ்தே சபையாரும் பழைய மொழிபெயர்ப்பையே கையாளுகின்றனர். அவர்தம் கூட்டங்களில் தீர்க்கதரிசனம் உரைத்தல் என்பது ஒருவருக்கு வரவிருப்பதைச் சொல்லுதல் என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. சித்தூரின் இருமொழிச் சபைகளில் தெலுங்குப் போதகர் பிரவக்த என்று கூறும்போது அருகில் நிற்பவர் அதனைத் தீர்க்கதரிசி என்றே தமிழாக்குகிறார்.